குமாஸ்தா, சிறப்புப் பணி

கேள்வி: நான் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் ஹெட்போனும் கையில் பிளக்குமாகவே முப்பது வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் மகளோடு உட்கார்ந்து ஆலன் டூரிங் பற்றிய ஆங்கிலப் படம் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்த பிரிட்டிஷ் நிலையத்தின் கதை. படம் முடிந்தபோது என் மனதில் நின்ற பெண் ஒருத்திதான். அங்கே வேலை பார்த்தவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள் என்று பிறகுதான் ஒரு கட்டுரையில் படித்தேன். மகளிடம் சொன்னால், "அவங்கள்லாம் மெஷின் ஓட்டினவங்கம்மா. மூளையைக் கசக்கினது அந்த நாலஞ்சு பேர்தான்" என்கிறாள். சாப்ட்வேர் வேலையில் இருப்பவள், விவரம் தெரிந்துதான் சொல்லுவாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்களையும் 'பிளக் குத்துறவங்க' என்றுதான் சொன்னார்கள். அவள் சொல்வது சரிதானா? ரேடாரிலும் பெண்கள் இருந்தார்களாமே, அங்கே அவர்களுக்கு என்ன வேலை? நம் பக்கத்தில் இப்படி ஏதாவது நடந்ததா? இத்தனை பேர் இருந்தும் எப்படி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை?

— ஓய்வுபெற்ற ஆபரேட்டர், பாளையங்கோட்டை

பதில்: அம்மா, வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் பிளெட்ச்லி பார்க்கில் 1945 தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்தப் பெண்களில் உட்கார்ந்து சங்கேதத்தையே உடைத்தவர்கள் சிறு கூட்டம்தான். மற்றவர்கள் எந்திரம் ஓட்டினார்கள், தட்டச்சு செய்தார்கள், வந்த செய்தியில் இருக்கும் ஒவ்வொரு கப்பல் பெயரையும் அதிகாரி பெயரையும் அட்டையில் எழுதி அடுக்கினார்கள். இதை மறைத்துவிட்டு அத்தனை பேரையும் மேதைகள் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் உண்மையில் செய்த வேலைக்கு அது மரியாதை ஆகாது.

ஆனால் 'மூளையைக் கசக்கியது நாலு பேர்' என்ற மறுபாதியை நான் மறுக்க வேண்டியதில்லை. அந்த நாலு பேரே மறுத்திருக்கிறார்கள்.

1941 அக்டோபர் 21 அன்று பிளெட்ச்லியின் தலையாய நான்கு பேர் மேலதிகாரிகள் யாரிடமும் சொல்லாமல் பிரதமர் சர்ச்சிலுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினார்கள். ஆலன் டூரிங், கார்டன் வெல்ஷ்மன், ஹ்யூ அலெக்சாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பாரி. மில்னர்-பாரி ரயிலேறி லண்டன் போய், பிரதமரின் இல்லத்திலேயே கடிதத்தைச் சேர்த்துவிட்டு வந்தார். அதில் அவர்கள் கேட்டது இன்னும் நாலு கணித மேதைகளை அல்ல. துளையட்டை எந்திரங்கள் இருந்த பிரிவில் ஆள் போதவில்லை, அதனால் கடற்படைச் செய்திகளின் சாவியைக் கண்டுபிடிப்பது தினமும் குறைந்தது 12 மணி நேரம் தள்ளிப்போகிறது என்றார்கள். பயிற்சி பெற்ற தட்டச்சர்கள் சுமார் இருபது பேர் இல்லாததால் மத்தியக் கிழக்கிலிருந்து வரும் செய்திகள் படிக்கப்படாமல் கிடக்கின்றன என்றார்கள். எந்திரங்கள் தரும் விடைகளைச் சரிபார்க்க அனுப்புவதாகச் சொன்ன கடற்படைப் பெண்கள் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். அவ்வளவுதான் கடிதத்தின் சாரம். இன்றே நடவடிக்கை எடு, இவர்கள் கேட்டது எல்லாவற்றையும் கொடு என்று சர்ச்சில் உத்தரவு போட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் ஆகச்சிறந்த மூளைகளில் நான்கு, தட்டச்சுப் பெண்கள் இருபது பேர் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. இதை அவர்கள் வெட்கப்படாமல் பிரதமரிடம் எழுதியும் கொடுத்தார்கள். உங்கள் மகளுக்கு இந்த ஒரு கடிதத்தைச் சொன்னால் போதும்.

எந்திரம் ஓட்டுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். உங்களுக்கு இது புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது.

ஜெர்மானியர்களின் எனிக்மா பார்ப்பதற்கு ஒரு தட்டச்சுப் பொறி மாதிரி இருக்கும். ஒரு எழுத்தை அழுத்தினால் வேறொரு எழுத்தின் விளக்கு எரியும். உள்ளே இருக்கும் சக்கரங்கள் ஒவ்வோர் அழுத்தலுக்கும் நகர்வதால் அடுத்த முறை அதே எழுத்தை அழுத்தினால் இன்னொரு விளக்கு எரியும். சக்கரங்களை எந்த வரிசையில் வைப்பது, எந்த வயரை எங்கே செருகுவது என்ற ஏற்பாடு தினந்தோறும் மாறும். ஒரு நாளின் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தால் அந்த நாளின் செய்திகளைப் படிக்கலாம். மறுநாள் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைத் தேடுவதற்கு டூரிங்கும் வெல்ஷ்மனும் வடிவமைத்த எந்திரத்துக்குப் 'பாம்ப்' என்று பெயர். வெடிகுண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஏழடி அகலம், ஆளுயரத்துக்கு மேல் உயரம், ஒரு டன் எடை. முன்பக்கத்தில் 108 உருளைகள் வண்ண வண்ணமாக வரிசை கட்டி நிற்கும். பின்பக்கத்தை நீங்கள் பார்த்திருந்தால் வேலை பார்த்த இடத்துக்கே திரும்பிப் போன மாதிரி இருந்திருக்கும். பலகை முழுக்கத் துளைகள், தடித்த கேபிள்கள், பிளக்குகள். செய்தியில் இன்ன சொல் இருக்கலாம் என்று ஊகித்து, எழுத்துக்கு எழுத்து எப்படி இணைகிறது என்று ஒரு தாளில் படம் போட்டு அனுப்புவார்கள். அந்தத் தாளுக்கு 'மெனு' என்று பெயர். அதைப் பார்த்து உருளைகளை மாட்டி, பின்பக்கம் பிளக்குகளைச் செருகி எந்திரத்தை ஓடவிடுவது 'ரென்' என்று அழைக்கப்பட்ட கடற்படைப் பெண்களின் வேலை. பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள்.

ஒவ்வோர் உருளையின் பின்புறத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பித் தூரிகைகள் இருந்தன. ஒரே ஒரு கம்பி சாய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிட்டால், சரியான விடை வரும் இடத்தில் நிற்க வேண்டிய எந்திரம் நிற்காமல் ஓடிவிடும். விடை கைதவறிப் போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் அந்தப் பெண்கள் கையில் ஒரு சாமணத்தோடு உட்கார்ந்து, உருளை உருளையாக எடுத்து, கம்பி கம்பியாக நிமிர்த்திவிட்டார்கள். எட்டு மணி நேர ஷிப்ட், இரவும் பகலும் மூன்று ஷிப்ட், காதைப் பிளக்கும் சத்தம், எண்ணெய் வாடை. பெரும்பாலும் நின்றபடி வேலை. எந்திரம் சட்டென்று நின்றால் அது காட்டும் நிலையைக் குறித்து, சரிபார்த்து, அனுப்ப வேண்டும். விடை சரி என்றால் 'ஜாப் அப்' என்று ஒரு தகவல் வரும். உடனே உருளைகளைக் கழற்றிவிட்டு அடுத்த மெனு. அந்த விடையால் எந்தக் கப்பல் தப்பியது, எந்தக் கப்பல் மூழ்கியது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. போரின் முடிவில் இருநூறுக்கு மேற்பட்ட பாம்ப் எந்திரங்களையும் அவற்றை இயக்க ஏறக்குறைய 1,700 ரென் பெண்களையும் கொண்ட பெரிய ஏற்பாடாக அது வளர்ந்திருந்தது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'எந்திரம் ஓட்டுவது' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். கம்பி சாய்ந்திருக்கிறதா என்று ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு பார்த்த அந்தக் கவனம் ஒரு நாள் தவறியிருந்தால் டூரிங்கின் கணிதம் அன்றைக்குப் பயன்பட்டிருக்காது.

இனி, மூளையைக் கசக்கிய பெண்கள். மேவிஸ் லீவர் என்ற பெண் 1940-ல் பிளெட்ச்லிக்கு வந்தபோது வயது பத்தொன்பது. லண்டனில் ஜெர்மன் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். டில்லி நாக்ஸ் என்ற மூத்த அறிஞரின் கீழ் ஒரு சிறிய குடிலில் வேலை. அந்தக் குழுவில் நாக்ஸ் பெரும்பாலும் பெண்களையே வைத்திருந்தார்.

எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளியே வராது. 'எல்' என்று அழுத்தினால் வேறு எந்த விளக்கு வேண்டுமானாலும் எரியும், 'எல்' மட்டும் எரியாது. ஒரு நாள் இத்தாலியக் கடற்படையின் நீளமான செய்தி ஒன்றைக் கையில் எடுத்த மேவிஸ், அதில் 'எல்' என்ற எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை என்று கவனித்தார். அத்தனை நீளச் செய்தியில் ஓர் எழுத்து மட்டும் வராமல் போவது தற்செயலாக நடக்காது. எதிரி ஆபரேட்டரைச் சும்மா ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், அவன் சோம்பல்பட்டு விசைப்பலகையின் ஓரத்தில் இருந்த 'எல்' விசையையே முதலிலிருந்து கடைசிவரை அழுத்தியிருக்கிறான் என்று மேவிஸ் முடிவுக்கு வந்தார். அவர் நினைத்தது சரி. செய்தி முழுவதற்கும் மூலம் கையில் கிடைத்த மாதிரி ஆயிற்று. அதை வைத்து எந்திரத்தின் சக்கரம் ஒன்றின் உள் இணைப்பையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இல்லாத ஒன்றைக் கவனிக்கிற கண் அது. டிரங்க் லைனில் சத்தம் இருந்தால் எல்லோருக்கும் கேட்கும். வர வேண்டிய ஒரு சின்ன 'கிளிக்' வரவில்லை என்பதைக் கவனிக்க அனுபவம் வேண்டும் இல்லையா? மேவிஸிடம் அது பத்தொன்பது வயதிலேயே இருந்தது.

1941 மார்ச்சில் இத்தாலியக் கடற்படை இன்னும் மூன்று நாளில் ஏதோ செய்யப்போகிறது என்று ஒரு செய்தி அவர் கையில் உடைந்தது. அந்தக் குழு இரவு பகலாக உட்கார்ந்து அடுத்தடுத்த செய்திகளையும் படித்தது. மத்தியதரைக் கடலில் இருந்த அட்மிரல் கன்னிங்ஹாமுக்குத் தகவல் போனது. மட்டபான் முனைக்கு அருகே நடந்த போரில் இத்தாலி மூன்று கனரகக் குரூசர் கப்பல்களையும் இரண்டு டிஸ்ட்ராயர்களையும் இழந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கன்னிங்ஹாம் பிறகு அந்தக் குடிலுக்கே நேரில் வந்து நன்றி சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் உளவுத் துறையின் எனிக்மாவை நாக்ஸ், மேவிஸ், மார்கரெட் ராக் மூவரும் உடைத்தார்கள். பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முன் ஜெர்மனியை ஏமாற்ற நடந்த பெரிய நாடகம் பலிக்கிறதா என்று பிரிட்டனால் பார்த்துக்கொள்ள முடிந்தது இதனால்தான்.

மார்கரெட் ராக் வாங்கிய சம்பளத்தைப் பற்றி நாக்ஸ் மேலிடத்துக்கு எழுதினார். எனிக்மாவில் வேலை செய்பவர்கள் அத்தனை பேரிலும் இவர் நான்காவது அல்லது ஐந்தாவது இடத்தில் இருக்கிறார், தவறான தரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பது அவர் வாதம். ஜோன் கிளார்க்கின் கதை இன்னும் வேதனை. உங்கள் படத்தில் வந்த பெண் அவர்தான். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். ஆனால் 1948 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கவில்லை. 1940-ல் பிளெட்ச்லிக்கு வந்தபோது வாரம் சுமார் இரண்டு பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா வேலை. சில நாட்களிலேயே டூரிங்கின் குழுவில் உட்கார்ந்து சங்கேதம் உடைத்தார். அவருக்குப் பதவி உயர்வு கொடுக்க நினைத்தபோது, பெண் ஒருத்தி சங்கேத வல்லுநராக இருப்பாள் என்று அரசு விதிகளில் ஓர் இடமே இல்லை. அதனால் 'மொழியியலாளர்' என்ற தரத்தில் ஏற்றினார்கள். பதவி மொழியியலாளர், தெரிந்த அந்நிய மொழிகள் எதுவும் இல்லை என்று படிவத்தில் நிரப்பினாராம். 1944-ல் அந்தப் பிரிவின் துணைத் தலைவர் ஆனார்.

சங்கேதத்தை உடைக்க முதலில் அது காதில் விழ வேண்டும். லெஸ்டர்ஷயரில் பியூமேனர் என்ற இடத்தில் தரைப்படையின் பெண்கள் சுமார் 1,200 பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜெர்மன் மோர்ஸ் தந்திகளைக் கேட்டு எழுதினார்கள். இரைச்சலும் குறுக்கீடும் நடுவே தேய்ந்துபோன ஒலியில் வரும், அர்த்தமே இல்லாத ஐந்தைந்து எழுத்துகள். ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டால் பிளெட்ச்லியில் ஒரு முழுநாள் வேலை வீணாகும். போகப் போக இவர்களுக்கு எதிரி ஆபரேட்டரின் கை பழகிவிடும். ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு நடை உண்டு. அலைவரிசையை மாற்றி, அழைப்புக் குறியை மாற்றி ஒளிந்தாலும், 'இது நேற்றைய ஆள்தான்' என்று கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். முகம் பார்க்காமலே குரலை வைத்து அடுத்த ஊர் ஆபரேட்டரை அடையாளம் தெரிந்துகொண்ட உங்களுக்கு இது அதிசயமாக இருக்காது.

நம் பக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை இங்கேதான் வருகிறது. 1941 தொடக்கத்தில் கம்பியில்லாத் தந்தி பழகிய ரென் பெண்கள் சுமார் இருபது பேரை பிரிட்டன் சிங்கப்பூருக்கு அனுப்பியது. ஜப்பானியர்களின் செய்திகளைக் கேட்பது வேலை. அவர்களை அழைத்துப் போனவர் பெட்டி ஆர்ச்டேல். உலகின் முதல் பெண்கள் டெஸ்ட் கிரிக்கெட் தொடரில், 1934-35-ல், இங்கிலாந்து அணியின் கேப்டனாக ஆடியவர் அவர்தான். சிங்கப்பூர் விழப்போகிறது என்ற நிலையில் 1942 ஜனவரியில் அந்த நிலையம் கொழும்புக்கு இடம் மாறியது. ஒரு பள்ளிக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை இலங்கையைத் தாக்க வருகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தது இந்த நிலையம்தான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. பிறகு ஆப்பிரிக்கக் கரையில் மொம்பாசா பக்கம் போய்விட்டு 1943-ல் மறுபடி கொழும்புக்கே திரும்பினார்கள். இந்த முறை எச்.எம்.எஸ். ஆண்டர்சன் என்று பெயர். பெயரில் கப்பல், இருந்தது தரையில். இங்கும் ரென் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். இந்தியாவிலும் 1942-ல் பெண்கள் துணைப்படை தொடங்கப்பட்டு, இந்தியப் பெண்கள் சீருடை அணிந்து சங்கேத அலுவலகங்களிலும் தொலைபேசிப் பலகைகளிலும் உட்கார்ந்தார்கள்.

இப்படிக் கடல் கடந்து புறப்பட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேரவில்லை. 1941 ஆகஸ்டில் ஜிப்ரால்டருக்குப் போக முன்வந்த 21 ரென் பெண்கள், சங்கேத அதிகாரிகளும் தந்தி ஆபரேட்டர்களும், அகுவிலா என்ற கப்பலில் கிளம்பினார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. அந்த 21 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ரேடாருக்கு வருகிறேன். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. கையால் செய்யும் வேலை, மூளையால் செய்யும் வேலை என்று பிரிக்கவே முடியாத இடம்.

பிரிட்டனின் கடற்கரை நெடுக 'செயின் ஹோம்' என்ற ரேடார் நிலையங்கள். 360 அடி உயர எஃகுக் கோபுரங்கள் ரேடியோ அலையை அனுப்பும், 240 அடி உயர மரக் கோபுரங்கள் எதிரொலியை வாங்கும். ரேடார் என்றதும் நமக்குச் சுற்றிச் சுழலும் கோடும் மினுங்கும் புள்ளியும் நினைவுக்கு வருகின்றன. இது அப்படி இல்லை. இருட்டறையில் ஒரு கண்ணாடித் திரை, அதில் இடமிருந்து வலமாக ஒரு பச்சைக் கோடு. கோடு நெடுகப் புல் முளைத்த மாதிரி இரைச்சல் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் புல்லுக்குள் எங்கோ ஓரிடத்தில் கோடு கீழ்நோக்கி 'வி' வடிவில் லேசாகப் பள்ளம் விழும். அதுதான் விமானம். கோட்டில் பள்ளம் இருக்கும் இடம் தூரத்தைச் சொல்லும். பிறகு ஒரு குமிழைத் திருப்ப வேண்டும். பள்ளம் எந்த இடத்தில் மறைகிறதோ அதுதான் திசை. எத்தனை விமானங்கள் என்று எந்தக் கருவியும் சொல்லாது. பள்ளம் துடிக்கிற விதத்தைப் பார்த்து, மூன்றா, முப்பதா என்று திரைக்கு முன்னால் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர்களில் மிகப் பலர் விமானப்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். மூன்று என்று சொல்லி முப்பது வந்தால் மேலே போன விமானிகள் திரும்ப மாட்டார்கள்.

1940 ஆகஸ்ட் 18 அன்று சஸ்ஸெக்ஸில் போலிங் என்ற ரேடார் நிலையத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் பாய்ந்து பாய்ந்து குண்டு போட்டன. ஏவிஸ் ஹெர்ன் என்ற பெண் கார்ப்பரல் அங்கே தொலைபேசிப் பணியில் இருந்தார். பதுங்குகுழிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்து நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்த விமான நிலைத் தகவல்களை லைனில் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குப் போர்க்களத் துணிச்சலுக்கான மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள். அந்தப் போர் முழுவதிலும் அந்தப் படைப்பிரிவில் அதைப் பெற்ற பெண்கள் ஆறு பேர்தான்.

இந்தத் தகவல்களெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் லண்டன் பக்கம் பென்ட்லி பிரையரி என்ற மாளிகை. அங்கே பூமிக்கடியில் 'வடிகட்டும் அறை'. பெரிய மேசை மேல் நாட்டின் வரைபடம், சுற்றிலும் ஹெட்போன் மாட்டிய பெண்கள், ஆளுக்கு ஒரு ரேடார் நிலையத்தின் லைன். காதில் கேட்ட இடத்தில் வண்ணக் காய்களை வைத்துக்கொண்டே போவார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்று இடத்தில் இருப்பதாகச் சொல்லும். தூரத்தை ரேடார் சரியாகச் சொல்லும், திசையில்தான் பிசகும். அதனால் தூரத்தை மட்டும் நம்ப வேண்டும். இரண்டு முளைகளில் கயிறு கட்டி இரண்டு வட்டம் போட்டால் அவை வெட்டிக்கொள்ளும் இல்லையா, அதுபோல இரண்டு நிலையங்கள் சொன்ன தூரங்கள் வெட்டும் இடத்தை மனதிலேயே கண்டு அங்கே அம்புக்குறி வைக்க வேண்டும். கூடவே இது நம் விமானமா எதிரியா, இரண்டு கூட்டமா ஒன்றா என்றும் முடிவு செய்ய வேண்டும். மணிக்கு 300 மைல் வேகத்தில் வருகிற விமானம் நிமிடத்துக்கு ஐந்து மைல் நகர்ந்துவிடும். யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நேரம் இல்லை.

இந்த முடிவை எடுப்பவர்கள் தொடக்கத்தில் ஆண் அதிகாரிகள். பிறகு பெண் அதிகாரிகள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஐலீன் யங்ஹஸ்பண்ட் அவர்களில் ஒருவர். 1944 இறுதியில் அவரையும் சில பெண் அதிகாரிகளையும் பெல்ஜியத்தில் மெகலன் நகருக்கு அனுப்பினார்கள். ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட் எங்கிருந்து கிளம்பியது என்று கணக்கிடுவது வேலை. ராக்கெட் மேலே எழும் பாதையில் ரேடார் பிடித்த புள்ளிகள் கிடைக்கும். கையில் ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு வளைவைப் பின்னோக்கிப் போட்டு ஏவுமிடத்தைச் சில நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டும். ஏவும் வண்டி நகர்ந்து மறைவதற்குள் விமானம் போக வேண்டுமே. ஐலீன் தொண்ணூறு வயதை ஒட்டித்தான் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 2016-ல் மறைந்தார்.

இந்தப் பெண்களுக்குச் சம்பளம் அதே வேலை செய்த ஆணின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. விமான எதிர்ப்புப் பீரங்கி நிலையங்களில் நிலைமை இன்னும் விசித்திரம். பெண்கள் ரேடாரை இயக்கலாம், உயரத்தைக் கணக்கிடலாம், குறியைச் சரிசெய்யலாம். பீரங்கியைச் சுடுவது மட்டும் ஆணின் வேலை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, ஏன் வாய் திறக்கவில்லை? முதல் காரணம் சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அரசு ரகசியச் சட்டத்தில் கையெழுத்து, வாழ்நாள் முழுக்கப் பேசக் கூடாது. இரண்டாவது காரணம், யாருக்குமே முழுக் கதை தெரியாது. பாம்ப் ஓட்டியவருக்குச் செய்தி தெரியாது, தந்தி கேட்டவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. போர் முடிந்தும் தடை நீங்கவில்லை. 1974-ல் விண்டர்போதம் என்ற முன்னாள் அதிகாரி இதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. அதற்குள் முப்பது வருடம் போய்விட்டது. பெண்ணின் வேலை என்னவென்று தெரியாமலே கண்ணை மூடிய பெற்றோர் எத்தனையோ பேர். உயிரோடு இருந்த பிளெட்ச்லிக்காரர்களுக்கு பிரிட்டிஷ் அரசு ஒரு நினைவு வில்லை கொடுத்தது 2009-ல்.

மூன்றாவதாக ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். விமானப்படையின் மேசைகளில் காய் நகர்த்திய பெண்களின் பதவிக்கு அரசு வைத்த பெயர் 'குமாஸ்தா, சிறப்புப் பணி'. ரகசியம் காக்க வைத்த பெயர் அது. கேட்பவர்கள் குமாஸ்தா என்ற முதல் சொல்லோடு நின்றுவிட வேண்டும் என்பதே நோக்கம். அப்படியே நின்றுவிட்டார்கள். 'போரில் என்ன செய்தாய்' என்று கேட்டால் 'ஆபீஸ் வேலை' என்று பதில். ஒரு ஆண் அப்படிச் சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்று துருவியிருப்பார்கள். ஒரு பெண் சொன்னால் சரி என்று நம்பிவிட்டார்கள். முப்பது வருடம் வேறு பெயரில் இருந்த வேலை, ரகசியம் உடைந்த பிறகும் அந்தப் பெயரிலேயே தங்கிவிட்டது. உங்கள் மகள் வாயில் வந்ததும் அதன் மிச்சம்தான். அவளைக் குறை சொல்லாதீர்கள்.

அவளுக்கு ஒரு படத்தைக் காட்டுங்கள். பிளெட்ச்லியில் 'கொலோசஸ்' என்ற எந்திரம் 1944 தொடக்கத்தில் வேலைக்கு வந்தது. ஹிட்லரின் தலைமையகம் தளபதிகளோடு பேசிய செய்திகளை உடைக்க உதவியது. அவள் துறைக்கே மூத்தவள், உலகின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்று. அதைக் கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ், பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் தொலைபேசி நிலையங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த பொறியாளர், அதாவது உங்கள் துறைக்காரர். போர் முடிவதற்குள் பத்து கொலோசஸ் ஓடின, ஓட்டியவர்கள் ரென் பெண்கள். பிறகு எட்டைப் பிரித்துப் போட்டார்கள், வரைபடங்களை எரித்தார்கள். தப்பிய புகைப்படங்களில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றில் இரண்டு பெண்கள் எந்திரத்தின் முன் நிற்கிறார்கள். டோரதி டு புவாசன், எல்சி புக்கர். அவர்களைச் சுற்றியிருக்கும் சுவிட்சுகளும் ரிலேக்களும் ஜாக்குகளும் அன்றைய தொலைபேசி நிலையத்துச் சரக்கு. எது எதற்கு என்று மகளுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.